நக்கவாரத்தின் இருகரையிலும் நோன்புக் கஞ்சி: ஒரு சொல்வரலாற்று ஆய்வு

கிரேட் நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமாத்திராவின் வடகோடியை அடுத்த சிறு தீவுகள் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலேயே உள்ளன. சென்னையோ அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகரிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. ரமளான் மாதத்தில் கிரேட் நிக்கோபாரின் காம்பெல் விரிகுடாவிலும் அச்சே மாநிலத்தின் தலைநகரான பண்டா அச்சேயிலும் கதிரவன் சில நிமிட வேறுபாட்டில் மறைகிறான். எனினும் இந்திய நேரத்திற்கும் மேற்கு இந்தோனேசிய நேரத்திற்கும் ஒன்றரை மணி வேறுபாடு இருப்பதால், ஏறக்குறைய ஒரே பொழுதில் நோன்பு திறக்கும் இரு ஊரார் கடிகாரத்தில் வெவ்வேறு மணியைக் காண்கின்றனர். அந்நேரத்தில் அச்சேயின் பள்ளிவாசல்களில் பரிமாறப்படும் உணவுகளுள் ஒன்று 'கஞ்சி ரும்பி' எனப்படுகிறது. தமிழகக் கடற்கரைப் பள்ளிவாசல்களில் அதே வேளையில் பரிமாறப்படுவது நோன்புக் கஞ்சி. இவ்விரு பெயர்களிலும் உள்ள பொதுச்சொல் எவ்வழி சென்றது என்பதையும், அச்சொல்லை மட்டும் கொண்டு உணவின் பிறப்பிடத்தை உறுதி செய்ய இயலுமா என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வினா வெறும் அடுக்களை ஆர்வத்தில் எழுவதன்று. அயல்மொழி ஒன்றில் தமிழ்ச்சொல் ஒன்று கண்டறியப்பட்டவுடன், அச்சொல் குறிக்கும் பொருளும் தமிழர் கொடையே என முடிவு கட்டும் போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. சொல்லும் பொருளும் ஒரே கலத்தில் பயணம் செய்தன என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். நோன்பு திறக்கும் உணவுகள் இதனைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களமாகும்.

தமிழகத்து நோன்புக் கஞ்சியின் அமைப்பை முதலில் காண்போம். பச்சரிசி நொய் அல்லது உடைத்த புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு, ஏலம், புதினா, மல்லித்தழை ஆகியவை சேர்ந்து குழைய வெந்து, இறுதியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கப்படும். வசதிக்கேற்பக் கொத்துக்கறியும் சேரும். கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ரம்பை இலையும் இடுவர். பள்ளிவாசலில் பெரிய தேக்சாக்களில் ஆடவர் காய்ச்சும் இக்கஞ்சியை, அஸர்த் தொழுகைக்குப் பின் சிறுவர் தூக்குச்சட்டிகளில் வாங்கி வீட்டிற்குக் கொண்டு செல்வது வழக்கம். வீட்டில் பெண்டிர் வடை, சமோசா, கடற்பாசி முதலியவற்றைச் செய்து வைத்திருப்பர். எனவே நோன்பு திறக்கும் உணவு, பள்ளிவாசல் அடுப்பும் வீட்டு அடுப்பும் பகிர்ந்து ஆக்குவதாகும். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது இப்பகிர்வு முறிந்தது. தமிழக அரசு நோன்புக் கஞ்சிக்கென ஒதுக்கிய 5,450 டன் அரிசி, அவ்வாண்டு வீடுதோறும் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. வாங்கப்படும் உணவாக இருந்த கஞ்சி அந்த ஒரு மாதம் வீட்டில் காய்ச்சப்படும் உணவாயிற்று.

நோன்பு தொடர்பான சொற்களிலேயே இக்கடற்பரப்பின் இருகரைக்கும் ஓர் ஒப்புமை புலப்படுகிறது. வட இந்திய இசுலாமியர் பாரசீக வழி வந்த 'ரோஜா', 'நமாஸ்' ஆகிய சொற்களை ஆள்கின்றனர். தமிழ் முஸ்லிம்கள் 'நோன்பு', 'தொழுகை', 'பள்ளிவாசல்' எனத் தம் மொழிச் சொற்களையே ஆள்கின்றனர். மலாய், இந்தோனேசிய மொழிகளில் நோன்பு 'புவாசா' எனப்படும். இது 'உபவாசம்' என்னும் வடசொல்லின் திரிபு. இசுலாம் வருமுன் வழங்கிய சமயச்சொல்லே இருமருங்கும் புதிய கடமைக்குப் பெயராயிற்று. அரபியில் 'இஃப்தார்' என்பதன் வேர்ப்பொருள் பிளத்தல், உடைத்தல் என்பதாகும். ஆனால் தமிழர் நோன்பை உடைப்பதில்லை, திறக்கின்றனர். மலையாளத்தில் 'நோம்பு துற'. மலாயில் 'புகா புவாசா', அதாவது நோன்பைத் திறத்தல். உருதுவிலும் 'கோல்னா' எனத் திறத்தல் வினையே வருகிறது. நோன்பை அடைக்கப்பட்ட கதவாகக் காணும் இவ்வுருவகம் இத்தனை மொழிகளில் பரவியிருப்பதால் எது எதனைப் பின்பற்றியது என்று கூறுவது பொருந்தாது. எனினும் இம்மொழியினர் நெடுங்காலம் ஒரே வணிகப் பரப்பில் பழகியவர் என்பதை இது நினைவூட்டுகிறது.

இனி அச்சேயின் கஞ்சியை நோக்கலாம். அரிசியுடன் இறால் அல்லது கோழி, உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி, மிளகு, சீரகம், மல்லி, பட்டை, அன்னாசிப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் குழைய வேகவைப்பதே கஞ்சி ரும்பி. பள்ளிவாசலிலும், 'மெனாசா' எனப்படும் சிற்றூர்த் தொழுகை மன்றத்திலும் பெருங்கலங்களில் இதனை ஆடவரே காய்ச்சுவர். பிற்பகல் தொழுகைக்குப் பின் ஊரார் பாத்திரங்களுடன் வந்து பெற்றுச் செல்வர். தூக்குச்சட்டி ஏந்திய நாகூர்ச் சிறுவனை அங்கு நிறுத்தினாலும் அவன் செய்ய வேண்டியது இன்னதென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இதனினும் கருதத்தக்கது, அச்சேயில் ரமளானுக்குரிய வேறொரு கஞ்சியும் உண்டு என்பதே. அதன் பெயர் 'இயெ பு பெடா'. அச்சே மொழியில் 'இயெ' என்பது நீர். 'பு' என்பது சோறு. 'பெடா' என்பது காரம். 'காரச் சோற்றுநீர்' எனத் தமிழில் பெயர்க்கலாம். காட்டிலும் வேலியோரத்திலும் பறித்த பலவகை இலைகளை உலர்த்தி இடித்து அரிசியுடன் சேர்த்துக் காய்ச்சுவது இது. இலைகள் 44 வகை என்பது மரபு. இக்கஞ்சிக்கு அச்சே மொழியின் சொந்தச் சொற்களே பெயராக நிற்கின்றன. முன்னதற்கு வந்தேறிய சொல் பெயராக நிற்கிறது. ஒரு மொழியில் ஒரு பொருளுக்குச் சொந்தச் சொல்லும் கடன் சொல்லும் ஒருங்கே வாழ்ந்தால், அவை பெரும்பாலும் பொருளைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும் என்பது மொழியியலார் நன்கறிந்தது. தமிழில் 'சோறு', 'சாதம்' ஆகியவை பங்கிட்டுக் கொண்டதை இதனுடன் ஒப்பிடலாம்.

அப்பங்கீட்டின் அடிப்படை யாது? கடல்வழி வந்த மசாலைப் பொருள்கள் இட்டது கஞ்சி, உள்ளூர் இலைகள் இட்டது இயெ பு என்று கூறத் தோன்றும். ஆனால் இவ்விளக்கம் முழுமையாக நிலைபெறவில்லை. முஹர்ரம் மாதம் பத்தாம் நாளில் அச்சேயினர் காய்ச்சும் இனிப்புக் கஞ்சிக்கும் 'கஞ்சி ஆசுரா' என்றே பெயர். இந்தோனேசியாவின் பிற பகுதிகளிலும் மலேசியாவிலும் இதே உணவு 'புபூர் ஆசுரா' எனப்படுகிறது. 'புபூர்' என்பது மலாய் மொழியில் கூழ், கஞ்சி ஆகியவற்றின் பொதுப்பெயர். ஆகவே அச்சேயில் 'கஞ்சி' என்பது மசாலையைக் குறிக்கும் சொல்லன்று. சிறப்பு நாளில் ஊர் கூடிக் காய்ச்சும் வளமான கலவைக்கு வழங்கும் சொல் எனலாம். அப்படியாயின் அச்சொல் ரமளானோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பதற்கு வலுக் குறைகிறது.

பொது இந்தோனேசிய மொழியில் 'கஞ்சி' பெரும்பாலும் வேறு பொருளில் வழங்குகிறது. 'தெபுங் கஞ்சி' என்றால் மரவள்ளி மாவு. துணிக்கு இடும் கஞ்சியும் கஞ்சியே. நீர்த்த கூழ் என்ற பொருள் அகராதிகளில் இடம்பெற்றாலும் பேச்சு வழக்கில் அவ்விடத்தைப் புபூர் பிடித்துக்கொண்டது. தமிழில் குடிப்பதும் கஞ்சி, வேட்டிக்குப் போடுவதும் கஞ்சி. இவ்விரு பொருளும் சேர்ந்தே கிழக்கே சென்று, சாவகத்தில் ஒன்று மேலோங்கியது. அச்சேயிலும் பினாங்கிலும் மற்றது நிலைத்தது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ரமளான் தோறும் வழங்கப்படுவதும் 'புபூர் கஞ்சி' என்றே பெயர் பெறும். கஞ்சிக் கஞ்சி என்று பொருள்படும் இவ்விரட்டைப் பெயர், 'நடுசென்டர்' என்னும் நம் பேச்சு வழக்கைப் போன்றதே.

இச்சொல் எம்மொழியிலிருந்து சென்றது என்பதை ஒலியியல் ஓரளவு காட்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இது வல்லொலி மாறி 'கெ³ஞ்சி' என்பதுபோல் ஒலிப்புடைக் ககரத்தில் தொடங்கும். மலாய்ச் சொல்லோ ஒலிப்பிலாக் ககரத்தில் தொடங்குகிறது. மலையாளத்தில் மெல்லின ஓரினமாதல் நிகழ்ந்து 'கஞ்ஞி' என்றாகிவிட்டது. மலாயில் 'ஞ்ச்' என்னும் மெய்ம்மயக்கம் சிதையாமல் உள்ளது. எனவே மாப்பிள்ளை வணிகரின் பேச்சிலிருந்து அது சென்றிருத்தல் அரிது. இந்தியில் இதனோடு உறவுடைய 'காஞ்ஜீ' பெரும்பாலும் புளிக்க வைத்த பானத்தையே குறிக்கும். எனினும் மராத்தியில் கஞ்சிநீர் என்ற பொருளும் உண்டாதலால் ஒலியியலே இறுதித் தீர்ப்பு வழங்கிவிடாது. வரலாற்றையும் துணைக்கு அழைக்க வேண்டும்.

வரலாறு தமிழ்க் கரையையே சுட்டுகிறது. முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் 1030ஆம் ஆண்டின் தஞ்சைக் கல்வெட்டில், இலாமுரிதேசமும் மாநக்கவாரமும் கடாரத்திற்கு முன்னர் அடுத்தடுத்து வைத்து எண்ணப்பட்டுள்ளன. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். இலாமுரி என்பது இன்றைய பண்டா அச்சேயை அடுத்த பகுதி. அக்காலத் தமிழ் மாலுமிக்கு இவை ஒரே வழியின் அடுத்தடுத்த படிகள் என்பது இவ்வரிசையால் விளங்கும். சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருசு நகரை அடுத்த லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குத் தங்கி வாணிகம் செய்ததைத் தெரிவிக்கிறது. பண்டா அச்சேயின் நெவுசுப் பகுதியிலும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. வட சுமாத்திராவின் பாசை நகரில் உள்ள சுல்தான் மலிக்குல் சாலிகின் கல்லறைக் கல் 1297ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது அங்கு இசுலாமிய அரசு நிலைபெறுவதற்கு இரண்டு நூற்றாண்டு முன்னரே தமிழ் பேசுவோர் அத்தீவில் இருந்தனர். அவர்கள் அங்கும் கஞ்சி காய்ச்சிக் குடித்திருப்பர். அது நோன்புக் கஞ்சியாக இருந்திராது.

இசுலாம் பரவிய பின் இவ்வழி அறுபடவில்லை, மேலும் வலுப்பெற்றது. சோழ மண்டலக் கரையின் மரக்காயர்களும் அச்சேயினரும் சாஃபி சட்டநெறியைப் பின்பற்றுவோர். பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய துறைகளிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் துணியேற்றிக்கொண்டு அச்சேக்கும் கெடாவிற்கும் சென்று வந்தனர். மலாயில் பள்ளிவாசல் பணியாளரைக் குறிக்கும் 'லெபாய்' என்ற சொல் தமிழ் 'லெப்பை'யே. தொழுகை நடத்தும் இடத்தில் பணி செய்வோரின் பெயரே தமிழிலிருந்து சென்றிருக்கையில், அங்குக் காய்ச்சும் கஞ்சியின் பெயரும் சென்றது வியப்பன்று. கறிவேப்பிலை அச்சேயின் சமையலில் இன்றியமையாதது. அதற்கு இந்தோனேசிய மொழியில் 'சலாம் கோஜா' என்றும் ஒரு பெயர் உண்டு. 'கோஜா' என்பது இந்திய முஸ்லிம் வணிகரைக் குறித்த பெயர்.

நிக்கோபார்த் தீவுகள் இவ்வழியில் தண்ணீரும் தேங்காயும் தரும் இடைத்துறைகளாக விளங்கின. 1688ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் நிக்கோபாரில் தம் கப்பலை விட்டிறங்கி, அச்சேயினர் சிலர் உள்ளிட்ட தோழர்களுடன் தீவினரின் ஓடம் ஒன்றிலேயே கடலைக் கடந்து அச்சேயை அடைந்தார். பெருங்கலம் இன்றியும் கடக்கத்தக்க தொலைவு அது. 1756இல் இத்தீவுகளின் மீது உரிமை கொண்டாடிய டேனியர் அவற்றைத் தரங்கம்பாடியிலிருந்தே ஆள முயன்றனர். காய்ச்சல் அவர்களின் குடியேற்றங்களை மீண்டும் மீண்டும் அழித்தது. தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பின்னரும் பெயரளவில் நீடித்த அவ்வுரிமை 1868இல் முடிவுற்றது.

இதுவரை கூறியவற்றால் 'கஞ்சி' என்ற சொல் தமிழ்க் கரையிலிருந்து அச்சேக்குச் சென்றது என்பது பெரிதும் உறுதிப்படுகிறது. ஆனால் உணவு? இவ்விடத்தில் 'வட்டிலப்பம்' ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் அவிக்கும் இவ்வினிப்பு, இலங்கை முஸ்லிம்களின் நோன்பு, பெருநாள் உணவுகளுள் தலையாயது. 'வட்டில்' என்னும் கிண்ணத்தில் வார்த்த 'அப்பம்' எனத் தமிழாகவே பிரித்துப் பொருள் கொள்ளலாம். ஆயினும் இலங்கை மரபு இதனை மலாயர் கொணர்ந்த உணவென்றே கூறுகிறது. மலாய் உலகின் 'செரிகாயா' எனப்படும் இனிப்போடு இதன் செய்முறை நெருங்கி ஒத்திருக்கிறது. பெயர் தமிழ், பண்டம் கிழக்கினது. பெயரைக் கொண்டு பிறப்பிடம் கூறும் முறையைப் பின்பற்றினால் வட்டிலப்பத்தில் நாம் தவறுவோம். அதே முறை கஞ்சி ரும்பியில் மட்டும் பிழையின்றி வழிகாட்டும் எனக் கொள்வதற்கு நியாயமில்லை.

சாவகத் தீவின் செமாராங் நகரிலிருந்து மற்றொரு சான்று. அங்குள்ள பெக்கோஜான் பள்ளிவாசலில் ரமளானில் அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பட்டை, ரம்பை முதலியவற்றால் காய்ச்சி வழங்கப்படும் கஞ்சிக்குப் 'புபூர் இந்தியா' என்று பெயர். பெக்கோஜான் என்பதே கோஜாக்கள் வாழும் இடம் என்று பொருள்படும். இங்கே உணவு இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பெயர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் தமிழ்ச்சொல் இல்லை. அச்சேயில் தமிழ்ச்சொல் உண்டு. இந்தியா என்ற அடை இல்லை. அண்மைக் காலத்தில் வந்தது அயலாகவே நின்று ஊர்ப்பெயர் தாங்குகிறது. நெடுங்காலம் முன் வந்தது ஊரோடு கலந்து சொந்தமாகிவிட்டது எனக் கருத இடமுண்டு. மேலும் இந்தோனேசிய இல்லங்களில் நோன்பு திறப்பது பொதுவாக இனிப்பைக் கொண்டேயாகும். வாழைப்பழம், வள்ளிக்கிழங்கு, பூசணி ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் வேகவைத்த 'கோலாக்' அவற்றுள் முதன்மையானது. மகுரிபுத் தொழுகை முடிந்த பின்னரே சோறு. இவ்வினிப்புச் சிற்றுணவுகளைத் 'தக்ஜில்' என்பர். அரபியில் 'விரைவுபடுத்துதல்' என்று பொருள்படும் இச்சொல், நோன்பு திறப்பதைத் தாமதியாதிருத்தல் என்னும் அறிவுரையிலிருந்து நழுவி, அப்பொழுது உண்ணும் பண்டத்தின் பெயராகிவிட்டது! இத்தகைய இனிப்பு மரபின் நடுவே உவர்ப்பும் காரமுமான கஞ்சி ரும்பி தனித்துத் தோன்றுவது உண்மை. ஆனால் இலைக்கஞ்சியும் காரமானதே. வடகிழக்குச் சுமாத்திராவின் 'புபூர் பெடாஸ்' என்பதும் அதன் இனமே. காரக்கஞ்சி காய்ச்ச அச்சேயினர் பிறரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை.

கொடுக்கல் ஒருவழிப்பட்டதன்று என்பதைத் தமிழ்க் கரையின் நோன்புத் தட்டுகளே காட்டுகின்றன. கீழக்கரையின் 'தொதல்' தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கைவலிக்கக் கிளறும் இனிப்பு. மலாய், இந்தோனேசிய மொழிகளில் அது 'தோதோல்'. தமிழில் இதற்கு வேர் காண இயலாமையால் கிழக்கிலிருந்து, பெரும்பாலும் இலங்கை வழியாக, வந்ததெனக் கொள்ளலாம். ரம்பை இலையின் பெயரும் கருதத்தக்கது. மலாயில் இவ்விலை 'பண்டான்'. ஆயினும் இவ்விலையை நறுக்கி மலரிதழ்களோடு கலந்த மணக்கலவைக்கு 'பூங்கா ரம்பாய்' என்று பெயர். சிங்கள 'ரம்பெ', தமிழ் 'ரம்பை' ஆகியவற்றை இதனோடு ஒப்புநோக்கலாம். கடற்பாசியோ சிக்கலானது. அதன் உலகப் பெயரான 'அகார்' மலாய்ச்சொல். ஆயினும் மண்டபம், இராமேசுவரம் கரையில் விளையும் ஒருவகைப் பாசிக்குக் 'கஞ்சிப்பாசி' என்று மீனவர் பெயரிட்டுள்ளனர். அதனைக் காய்ச்சினால் கஞ்சிபோல் இறுகும். இங்கே கடன் எவ்வழிப்பட்டது என்று வழக்காடுவதில் பயனில்லை.

இவற்றுள் மிகவும் சுவையானது சவ்வரிசி. இதனை 'ஜாவா அரிசி' எனப் பிரிப்போர் உளர். மலாய் 'சாகு' என்பதன் திரிபோடு 'அரிசி' சேர்ந்ததென்போரும் உளர். எதுவாயினும் இரண்டும் கிழக்கையே சுட்டுகின்றன. இன்று சேலம் வட்டாரத்தில் அது மரவள்ளி மாவிலிருந்து செய்யப்படுகிறது. அம்மாவையே இந்தோனேசியர் 'கஞ்சி' என்கின்றனர். ஆக, ஒரே கிழங்கின் மாவுக்கு அவர்கள் தமிழ்ப்பெயர் வைத்திருக்க, அதே மாவில் உருட்டிய மணிக்கு நாம் அவர்கள் நாட்டுப் பெயரை வைத்திருக்கிறோம்.

இந்தோனேசிய உணவும் தமிழ் உணவும் ஒரே வீட்டின் அடுப்பில் சந்தித்த இடம் இலங்கை. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், சாவகம் முதலிய தீவுகளிலிருந்து படைவீரரையும் நாடு கடத்தப்பட்டோரையும் அங்குக் கொணர்ந்தனர். இவர்களின் வழிவந்தோரே இலங்கை மலாயர். கொழும்பின் கொம்பனித் தெரு, கண்டி, அம்பாந்தோட்டை முதலிய இடங்களில் இவர்கள் வாழ்கின்றனர். ஆங்கிலேயர் இவர்களைக் கொண்டு அமைத்த படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. இவர்களின் மொழி மலாய்ச் சொற்களைக் கொண்டது. ஆனால் அதன் தொடரமைப்பு தமிழை ஒத்தது. வினை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வரும். நோன்பு 'புவாசா'வே; எனினும் பள்ளிவாசலிலிருந்து வருவது கஞ்சி. இவர்களின் புகழ்பெற்ற இணையுணவு 'பிட்டும் பாபாத்தும்'. பிட்டு நம் சொல். 'பாபாத்' இந்தோனேசிய மொழியில் ஆட்டு மாட்டு இரைப்பை.

இம்மொழி மாற்றத்திற்குக் காரணம் கூறுமிடத்து அறிஞர் வேறுபடுகின்றனர். பி. ஏ. ஹுசைன்மியா, இயன் சுமித் முதலியோர் தமிழ் பேசும் சோனகரோடு ஏற்பட்ட மணவுறவுக்கு முதன்மை அளித்தனர். தாய் தமிழில் பேசிச் சமைத்த வீட்டில் பிள்ளை மலாய்ச் சொற்களைத் தமிழ் வரிசையில் அடுக்கக் கற்றது என்பது இதன் சாரம். உம்பெர்த்தோ அன்சால்தோ இத்தகைய மணங்கள் அத்துணை மிகுதியல்ல என மறுத்து, சிங்களமும் தமிழும் சூழ்ந்த பன்மொழிச் சூழலே போதிய காரணம் என்றார். சமையற்சொற்களைத் தனியே தொகுத்து நோக்கின் இவ்வழக்கிற்கு வெளிச்சம் கிடைக்கும். கலங்களின் பெயர், கிளறுதல், தாளித்தல், வடித்தல் போன்ற வினைகள், பதம் குறிக்கும் சொற்கள் ஆகியவை தமிழாயின் மணவுறவுக் கொள்கை வலுப்பெறும். அவை மலாயாகவே நின்று, உணவுப் பெயர்கள் மட்டும் தமிழாயின் அக்கொள்கை தளரும். உணவின் பெயரைக் கடைத்தெருவில் கேட்டே கற்கலாம். தாளிக்கும் வினையை அடுப்பருகே நின்றுதான் கற்க வேண்டும். கஞ்சி ரும்பிக்கும் இச்சோதனையே பொருந்தும்: அச்சேயினர் பெற்றது 'கஞ்சி' என்ற பெயர்ச்சொல்லை மட்டுமா, அதனைக் காய்ச்சும் வினைச்சொற்களையுமா என்பதைக் காண வேண்டும்.

அந்தமானில் இச்சொற்கள் வேறு வகையில் கூடின. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய பின் பல மொழி பேசும் முஸ்லிம்கள் கைதிகளாக வந்து சேர்ந்தனர். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியை அடுத்து மாப்பிள்ளைகள் கொணரப்பட்டனர். தெற்கு அந்தமானில் அவர்கள் அமைத்த சிற்றூர்கள் மஞ்சேரி, மன்னார்காடு, வண்டூர், திரூர் எனத் தாய்நிலப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களுள் தமிழ் பேசுவோர் 15 விழுக்காட்டினர், முஸ்லிம்கள் 8.5 விழுக்காட்டினர். பொதுமொழியாக வழங்குவது இந்துத்தானி. எனவே ஒரே தெருவில் 'நோன்பு', 'நோம்பு', 'ரோஜா' ஆகிய மூன்றும் ஒலிக்க இடமுண்டு. நெடுங்காலம் போர்ட் பிளேயர் எனப்பட்ட தலைநகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. இராசேந்திரனின் படை தாக்கிய சுமாத்திர அரசின் பெயரை இது நினைவூட்டுவது, இடப்பெயர் ஆய்வாளர் புன்முறுவலுடன் குறித்துக்கொள்ளத்தக்க செய்தி.

அச்சேயோடு இத்தீவுகளுக்கிருந்த ஓடப் போக்குவரத்தோ நாட்டெல்லைகளால் நின்றது. கிரேட் நிக்கோபாருக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட கடலடித் திட்டின் எல்லையை இந்தியாவும் இந்தோனேசியாவும் 1974இல் வரையறுத்தன. அந்தமானையும் சுமாத்திராவையும் மீண்டும் இணைப்பது பற்றி இரு நாடுகளும் 2018இல் அறிக்கை வெளியிட்டன. இடையில் 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அச்சேயையும் நிக்கோபாரையும் நாகப்பட்டினத்தையும் ஒரே காலையில் தாக்கியது. பண்டா அச்சேயில் இருந்த ஆவண மையமும் அதன் நூல்களும் அன்று அழிந்தன.

நிக்கோபாரியர் மரபாக நெல் பயிரிட்டவரல்லர். அரிசி அவர்களுக்குத் தேங்காய்க்கு மாற்றாகக் கப்பல்களில் வந்த பண்டம். அவர்களின் சொந்த மாவுணவு, பெரிய தாழையினம் ஒன்றின் பழத்தை வேகவைத்து நாரை நீக்கிப் பிசைந்த களி. அரிசிக்கஞ்சியும் அதன் பெயரும் இத்தீவுகளைத் தொட்டும் தொடாமலும் கடந்து சென்றதற்கு இதுவே காரணமாகலாம். நாகூரிலிருந்து அச்சே செல்லும் கலத்தில் அடுப்பு மூட்டியவன் நக்கவாரத்தில் தண்ணீர் மொண்டு, தேங்காய் வாங்கி, தன் அரிசியையே உலையில் இட்டான். கீழக்கரையிலும் கொழும்பிலும் செமாராங்கிலும் நோன்புக் கஞ்சிக்கு மணமூட்டும் ரம்பையும் தாழையினத்தைச் சேர்ந்ததே. அங்கெல்லாம் இலை கலத்துள் இடப்படுகிறது, நிக்கோபாரில் பழமே உணவாகிறது.